கசாப்புக்கடையில் ஒரு டப்பா பயறு

மதிய வெயில் கண்ணாடிக் கதவு வழியாக வந்து, கழுவிவிட்ட கசாப்புக்கடைத் தரையில் பளபளக்கிறது. கொக்கியில் தொங்கும் தொடையிலிருந்து ஒரு சொட்டு வாளியில் விழுகிறது. கறி வெட்டும் மரக்கட்டை ஓரமாக உட்கார்ந்து கடைக்காரர் டப்பாவைத் திறக்கிறார். அவித்த பயறு, முட்டைக்கோஸ், தவிட்டு ரொட்டி. போன மாதம் டாக்டர் அவர் பெருங்குடலிலிருந்து இரண்டு சின்னக் கட்டிகளை எடுத்த நாளிலிருந்து இதுதான் சாப்பாடு. அவருடைய அப்பாவைக் கொண்டுபோனதும் குடல் புற்றுநோய்தான். பின்கட்டு அடுப்பில் தம்பி கறி வறுக்கிறான். அந்த வாசனைக்கு அண்ணன் வாயில் எச்சில் ஊறுகிறது. அதை விழுங்கிவிட்டு ஒரு ஸ்பூன் பயறை அள்ளுகிறார்.

"என்னண்ணே, ஆடு மாதிரி மேயறே?" என்று தம்பி முன்னால் வந்து ஒரு மாத்திரைப் புட்டியை வைக்கிறான். "நார்ச்சத்து, கால்சியம் எல்லாம் இதுலயே இருக்காம். ரெண்டு போட்டுக்கிட்டு கறியைத் தின்னு." அண்ணன் புட்டியைத் திருப்பி நகர்த்துகிறார். "டாக்டர்கிட்ட கேட்டாச்சு. மாத்திரை சாப்பாட்டுக்கு ஈடாகாதுன்னுட்டார். முப்பது வருஷமா கண்ட ஆட்டுக் குடலையெல்லாம் கழுவினேன்டா. என் குடலைத் திரும்பிப் பார்க்கல." தம்பி சிரிக்கிறான். அண்ணன் சிரிக்கவில்லை, மென்றுகொண்டே சொல்கிறார்: "வியாழக்கிழமை உனக்கும் குடல் டெஸ்ட்டுக்குப் பேர் கொடுத்திருக்கேன். அப்பா ரத்தம் எனக்கு மட்டுமா ஓடுது?" பின்கட்டில் கறி கருகத் தொடங்குகிறது. தம்பி நகரவில்லை. அண்ணன் டப்பாவை அவன் பக்கம் தள்ளி, இன்னொரு ஸ்பூனை எடுத்து வைக்கிறார்.