தேய்த்த வெள்ளி

கடைக்காரர் ஐந்தாவது நாணயத்தையும் பார்த்து முடித்துவிட்டார்.

இன்னும் இரண்டு.

அவள் மூச்சை மெதுவாக விட்டாள். சத்தம் வந்துவிடக் கூடாது.

மேசையில் பச்சை வெல்வெட் துணி. அதன்மேல் வரிசையாக ஏழு வெள்ளி நாணயங்கள். ஒவ்வொன்றும் வட்டமான பிளாஸ்டிக் கூட்டுக்குள். ஒவ்வொன்றிலும் ஒரு பறவை. எங்கோ ஒரு வெளிநாட்டு நாணயச்சாலை ஆண்டுக்கு ஒரு பறவையாக வெளியிட்டது. அவள் கணவன் ஆண்டுக்கு ஒன்றாக வாங்கினான். கல்யாணத்துக்கு முன் ஐந்து. பின் இரண்டு.

எல்லாம் இந்தக் கடையில், மீரான் பாயிடம் வாங்கியவை. இன்று அவரிடமே விற்க வந்திருக்கிறார்கள்.

"என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி ரெண்டு பேரும் விறைப்பா உக்காந்திருக்கீங்க? டீ ஆறுது பாருங்க."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாக.

அவளுக்கு ஏழாம் மாதம். இப்போது இருப்பது மாடியில் ஒற்றை அறை. குளிப்பதற்கு இருபத்திரண்டு படி இறங்க வேண்டும். அவள் எண்ணியிருக்கிறாள். அடுத்த தெருவில் ஒரு வீடு காலியாகிறது. குளியலறை உள்ளேயே இருக்கிறது. அட்வான்ஸுக்கு இந்த ஏழு பறவைகள்தான்.

ஏழும் கைபடாமல் இருந்தால், சேகரிப்பவர்கள் கொடுக்கும் விலை. கைபட்டிருந்தால் எடைக்கு வெள்ளி விலை. பாதிகூட வராது.

இது அவளுக்கு முன்பு தெரியாது. சென்ற வாரம்தான் அவன் சொன்னான்.

அதற்கு மூன்று வாரம் முன்பு, ஒரு வியாழக்கிழமை, அவள் விளக்குத் தேய்த்தாள். குங்குமச்சிமிழைத் தேய்த்தாள். சிமிழைத் திரும்ப வைக்க பீரோவைத் திறந்தபோது நாணயங்களைப் பார்த்தாள். ஆறாவதில், மீன்கொத்தியின் வயிற்றில், பால் தெறித்ததுபோல ஒரு வெள்ளைப் புள்ளி.

பாவம், அவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

நகத்தால் கூட்டைத் திறந்தாள். ஒரு சிட்டிகை விபூதி. ஈரத் துணி. அம்மா வீட்டில் வெள்ளி எல்லாம் அப்படித்தான் மின்னும்.

புள்ளி போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பறவையைச் சுற்றிக் கண்ணாடிபோல இருந்த இடம்தான் மங்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினால் மயிரிழைக் கோடுகள். வட்ட வட்டமாக, அவள் விரல் போன வழியெல்லாம்.

கூட்டில் போட்டு மூடினாள்.

சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வாயெடுத்தாள். அவன் அந்த வீட்டுக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். "தொட்டில் கட்ட கொக்கி இருக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நேற்று முழு வாக்கியத்தையும் மனதில் அடுக்கி வைத்திருந்தாள். 'அதுல ஒண்ண நான்' என்று தொடங்கும் வாக்கியம். அது தொடங்கவே இல்லை.

இன்று பஸ்ஸில் இதை மட்டும்தான் கேட்க முடிந்தது.

"லென்ஸ் வெச்செல்லாம் பாப்பாங்களா?"

"பாக்கட்டுமே. நாம என்ன திருட்டுக் காசா கொண்டு போறோம்?"

மீரான் பாய் ஆறாவதை எடுத்தார்.

லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டு போனார். விளக்குக்குக் கீழே சாய்த்தார். திருப்பினார். மறுபடி சாய்த்தார்.

"இது தேச்ச காசு தம்பி."

"எது?"

"இந்த மீன்கொத்தி. தொறந்து தேச்சிருக்காங்க. நான் குடுத்தப்ப இப்படி இல்ல." லென்ஸை இறக்கினார். "ஏழு வருஷமா வர்றீங்க. எங்கிட்டயேவா?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது.

ஒரு நாணயத்தைக்கூட அவன் வெறும் கையால் தொட்டதில்லை. கூட்டை எடுப்பதற்கே பழைய பனியன் துணி வைத்திருந்தான். அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது சொல்ல வேண்டும்.

ஆறிய டீயைக் கையில் எடுத்தாள்.

"பாய், வெல கம்மியா குடுங்க, பரவால்ல. ஏமாத்தறவன்னு மட்டும் நெனைக்காதீங்க. அத யாருமே தொறக்கல."

"நான் ஒண்ணும் சொல்லல தம்பி. காசு சொல்லுது."

"இவ தலைல அடிச்சு சத்தியம் பண்றேன் பாய்."

"அதெல்லாம் வேணாம். புள்ளத்தாச்சிப் பொண்ணு."

அவன் எழுந்துவிட்டான். கை உயர்ந்தது.

பொய்ச் சத்தியத்தின் பாவம் செய்தவனைப் பிடிக்காது, யார் தலையில் அடிக்கிறானோ அவர்களைத்தான் பிடிக்கும் என்பார்கள். அவன் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அது பொய்.

வயிற்றில் பிள்ளை இல்லாமல் அவள் ஒருத்தியாக இருந்தால் அந்தச் சத்தியத்தைப் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பாள்.

உள்ளங்கை இறங்கியது.

அவள் தலையை நகர்த்திக்கொண்டாள்.

ஒரு சாண்கூட இல்லை. வேறு யாராவது பார்த்திருந்தால், மின்விசிறிக் காற்றுக்கு விலகினாள் என்றே நினைத்திருப்பார்கள்.

மீரான் பாய் ஏழாவது நாணயத்தைக் கையில் எடுத்தார். அதைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்தார்.

அவன் மீன்கொத்தியைப் பார்த்தான். பிறகு அவளை.

நடுவில் நின்ற கையை இன்னும் இறக்கவில்லை.