இருவருக்கு ஒரு பிப்பெட்

பி.யு.சி. மாணவிகளின் வேதியியல் கூடத்தில் பிற்பகல் வெயில் கண்ணாடிக் குழாய்களில் வழுக்கிக்கொண்டிருக்கிறது. இருவருக்கு ஒரு பிப்பெட். பாக்கியமேரி அதை வாயில் வைத்துக் காரக் கரைசலைக் கோடுவரை உறிஞ்சி, விரலால் மூடிக் குடுவையில் விடுகிறாள். அடுத்து சுலோச்சனாவின் முறை. அவள் இந்த முறையும் பிப்பெட்டைக் குழாயடிக்குக் கொண்டுபோய் வாய்ப்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். பெருநகர் கிராமத்தில் அவள் அப்பாவின் வயலில்தான் பாக்கியமேரியின் அம்மா நடவு நடுகிறாள். கழுவிய தண்ணீர் உள்ளே தங்கிக் கரைசலோடு கலந்துவிடுகிறது. அமிலம் விட்டுப் பார்த்தால் சுலோச்சனாவுக்கு ஒவ்வொரு தடவையும் வேறுவேறு அளவு. பாக்கியமேரியின் நோட்டில் மூன்று தடவையும் பத்தொன்பது புள்ளி ஆறு. மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கிறது. "மேரி, உன் நோட்டக் குடு, பாத்து எழுதிக்கினு தரேன்" என்று சுலோச்சனா கை நீட்டுகிறாள். பாக்கியமேரி நோட்டை மூடி அதன்மேல் முழங்கையை ஊன்றுகிறாள். மறுகையால் பிப்பெட்டை எடுத்து, கரைசலை வாயால் உறிஞ்சி, அதாலேயே அதன் உட்புறத்தை அலசிக் கொட்டுகிறாள். "தண்ணியில கழுவிக்கினே கீறியே, அப்புறம் எப்பிடி அளவு வரும் சுலோச்சனா?" ஊரில் பாக்கியமேரியின் வீட்டு ஆட்கள் யாரும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. உதட்டு ஈரம் மினுங்கும் முனையை சுலோச்சனாவின் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். "கழுவாம வாயில வெய்யி. தானா வரும்."