மரத்தில் இருந்த அம்மா

“புத்தகம் எப்படிக்கா இருந்துச்சு?” என்று கேட்டாள் கண் பரிசோதிக்கும் பெண்.

மதிய நேரம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. கடையில் வேலை பார்க்கும் அக்கா ஒரு ஃபிரேமின் காதுக்கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தடித்த நாவலைப் படித்தே ஆகவேண்டும் என்று வாரக்கணக்காக நச்சரித்தவள் இந்தப் பெண்தான். அடுப்புச் சாம்பலில் படுத்துத் தூங்கும் பெண்ணின் பழைய தேவதைக் கதை. அதையே மந்திரமும் போரும் காதலுமாகப் புதிதாக எழுதியிருந்தார்கள். ஊரே படிக்கிறது, நீங்க மட்டும்தான் பாக்கி என்று கையில் திணித்துவிட்டுப் போயிருந்தாள்.

அக்கா நிதானமாகச் சொன்னாள். இளவரசன் பரவாயில்லை, ஆனால் வாயைத் திறந்தால் மூடுவதில்லை. போர் வருகிற இடங்களில் நாலைந்து பக்கம் தள்ளிவிட்டாளாம். செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு அந்தப் பெண் ஆற்றைக் கடக்கிற இடம் மட்டும் மனசை விட்டுப் போகவில்லையாம்.

பெண்ணுக்கு அது போதவில்லை. மரத்தில் இருக்கும் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்க என்றாள். அந்த இடங்களில் எல்லாம் தான் விக்கி விக்கி அழுததாகவும் சொன்னாள்.

கதையில், செத்துப்போன அம்மா வீட்டுக்குப் பின்னால் ஒரு மரமாக நிற்கிறாள். மகளுக்கு வேண்டியபோதெல்லாம் இறங்கி வருகிறாள். காலில் தைத்த முள்ளை எடுப்பதற்கு முன்னால் முள்ளிடம் மன்னிப்புக் கேட்கிறாள். தலை பின்னும்போது சுருதி சேராமல் பாடுகிறாள். வரி மறந்துபோனால் மகளின் பெயரைப் போட்டு நிரப்புகிறாள். இடி இடித்தால் தன் காதைப் பொத்திக்கொண்டு அலறி, பயந்துபோன மகளைச் சிரிக்க வைக்கிறாள்.

“நல்லா வந்திருக்கு” என்றாள் அக்கா. கம்பியைத் திரும்பவும் சூட்டில் காட்டினாள். அது ஏற்கெனவே சரியாக வளைந்திருந்தது.

ஒன்றை மட்டும் கேட்டாள். பழைய கதையில் ஒரு சித்தி வருவாளே, அவளை ஏன் எடுத்துவிட்டார்கள்?

பெண் சிரித்தாள். கொடுமைக்காரச் சித்தியெல்லாம் அரைத்த மாவாம். இதில் சித்தியே கிடையாது, அப்பா கடைசிவரை தனியாக இருந்துவிடுகிறார், அதுதான் இதில் அழகே என்றாள்.

அக்கா தலையாட்டினாள். கொடுமைக்காரியாகவாவது எங்கேயாவது இருப்பாளா என்று அவள் கடைசிப் பக்கம் வரை தேடியிருந்தாள். அரண்மனையில் பாத்திரம் கழுவுகிறவளைக்கூட இரண்டு தடவை படித்துப் பார்த்திருந்தாள்.

பெண் விடவில்லை. எழுதியவளின் பேட்டியைப் பார்த்தாளாம். அம்மா வருகிற இடங்கள் முழுக்க நிஜமாம், நினைவிலிருந்து அப்படியே எழுதியதாம்.

“அவங்க அம்மா சாகும்போது இவங்களுக்கு ஒன்றரை வயசுதானாம்க்கா. அந்த வயசுல நடந்தது எப்படி இவ்வளவு ஞாபகம் இருக்கு பாருங்க.”

அக்கா ஃபிரேமைக் கீழே வைத்தாள். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது.

“பெத்த அம்மாவாச்சே. இருக்கும்” என்றாள்.

வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். பெண் அவரைப் பரிசோதனை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த எழுத்தாளரின் அப்பாவுக்கு அக்கா இரண்டாம் தாரமாகப் போனபோது குழந்தைக்கு நாலு வயது. செத்துப்போன முதல் மனைவி அருமையாகப் பாடுவாள் என்று கணவர் சொல்லியிருக்கிறார். சுருதி சேராதது இவளுக்குத்தான்.

சித்தி என்று கூப்பிடப் பழக்கினார்கள். குழந்தையும் அப்படியே கூப்பிட்டது. வளர்ந்து, படித்து, வேறு ஊருக்குப் போய், அப்பா இறந்தபின் போன் பேசுவது மெல்ல மெல்ல நின்றுபோகும் வரைக்கும் சித்திதான்.

ஒரே ஒரு தடவை தவிர. ஒரு மழைநாள் மதியம், காய்ச்சல் ஏறிக் கிடந்த குழந்தை கண்ணைத் திறக்காமலே “அம்மா” என்று முனகியது.

இல்லாதவளைத்தான் கூப்பிடுகிறது என்று தெரியும். குழந்தை கூப்பிட்டு யாரும் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாதே என்று, சித்தி “ம்” என்றாள்.