ஊதா மூடிகள்

பெண்கள் எல்லாரும் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பட்டறையின் பின்சுவர் ஓரம், ஜெனரேட்டருக்கும் சாக்கடைக்கும் நடுவில் கிடைத்த இடம். வெள்ளைச் சட்டை மேலாளரும் கொள்முதல் அதிகாரியும் வருவதைக் கண்டதும், சாப்பாட்டு டப்பாக்களை மடிக்குள் மறைத்துக்கொண்டார்கள். ஏதோ திருடித் தின்றவர்களைப் போல அவர்களுக்கு வெட்கம்.

கொள்முதல் அதிகாரிக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் வந்தது.

பட்டறைக்காரர் பல வருடங்களாக அவளுடைய கம்பெனியின் ஷாம்பு பாட்டில்களுக்கு மூடி செய்து கொடுப்பவர். ஆபீசில் அவருக்குப் பெயரே மூடிக்காரர்தான். வாயும் அப்படித்தான், லேசில் திறக்காது.

வேலையாட்களை மனுஷராக நடத்துகிறவர்களிடம் மட்டும்தான் இனி சரக்கு வாங்குவது என்று கம்பெனி முடிவெடுத்திருந்தது. அதற்கான விதிகளை எழுதியவளே அவள்தான். முதல் விதி, நிழலில் உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை.

கம்பெனி மேலாளருக்கு அவள்மேல் ஏகப்பட்ட பெருமை. காரில் வரும்போது சொன்னது போதாதென்று, இறங்கியதும் மூடிக்காரரிடமும் சொன்னார்.

"இவங்க வந்த பிறகு எங்க குடோன்ல பந்து விளையாடலாம். அவ்வளவு காலி. ஒரு பெட்டிகூட தேங்குறதில்ல."

மூடிக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அவள், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள்.

இப்போது அந்த நிமிர்வோடுதான் கேட்டாள். "சாப்பாட்டு அறை எங்கே?"

"இருக்குங்க மேடம். பெயிண்ட் அடிக்கிறோம், அதான் பூட்டியிருக்கு."

பெயிண்ட் வாசனையே காணோம். திறக்கச் சொன்னாள். சாவியை வீட்டில் மறந்துவிட்டதாகச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பெண்களில் மூத்தவள் எழுந்து வந்தாள். அவள் இடுப்பில் சாவி தொங்கியது. வேண்டாம் என்று மூடிக்காரர் கண்ணைக் காட்டினார்.

"காட்டிடலாம் அண்ணா," என்றாள் அவள். "இன்னும் எத்தனை நாளைக்கு வெயில்ல திங்கிறது?"

கதவு திறந்தது.

உள்ளே கால் வைக்க இடமில்லை. தரையிலிருந்து மின்விசிறி வரைக்கும் அட்டைப்பெட்டிகள். மேசைகள் அடியில் புதைந்து கிடந்தன. கை கழுவும் குழாய் மட்டும் ஓர் இடுக்கில் மூக்கை நீட்டியது.

மேலாளர் ஒரு பெட்டியைப் பிரித்தார். ஊதா நிற மூடிகள். ஒவ்வொன்றின் மேலும் கம்பெனியின் முத்திரை.

"இது நம்ம மூடியாச்சே. இங்க ஏன் கிடக்கு?"

மூடிக்காரர் தரையைப் பார்த்தார். "தப்பு என்னோடது சார். ஆர்டருக்கு மேல அடிச்சுட்டேன். ஒரேயடியா அடிச்சா லாபம்னு பேராசை."

"உங்க பேராசைக்கு இவங்க வெயில்ல காயணுமா?" என்றார் மேலாளர். பிறகு அவளிடம் திரும்பினார். "அடுத்த ஆர்டரை இவருக்குக் கொடுக்கிறதா வேண்டாமான்னு நீங்களே எழுதிடுங்க. உங்க நேர்மை எனக்குத் தெரியும்." போன் வரவே, பேசிக்கொண்டே காரைப் பார்த்து நடந்தார்.

அடுத்த ஆர்டர் இல்லையென்றால் பட்டறை இல்லை. அது பெண்களுக்குத் தெரியும். அதற்குமேல் ஒருத்தியும் டப்பாவைத் திறக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஊதா நிறம் அதிகாரிக்கு எங்கேயோ உறுத்தியது. ஆனால் கோபத்தில் இருக்கிறவர்களுக்கு உறுத்தலைக் கவனிக்க ஏது நேரம்?

"உங்களுக்காக நான் எவ்வளவு பேசியிருக்கேன் தெரியுமா?" என்றாள் மூடிக்காரரிடம். "இவங்களை இப்படி வெயில்ல உட்கார வச்சிட்டு, என்னையும் தலைகுனிய வச்சிட்டீங்களே. வெட்கமா இல்ல?"

"இருக்குங்க மேடம். ஒரு மாசமா இவங்க முகத்தைப் பார்க்க முடியல. சாப்பாட்டு நேரம் வந்தா வெளிய எங்கேயாவது போயிடறேன்."

"அப்புறம் ஏன் செஞ்சீங்க?"

மூடிக்காரர் காரின் பக்கம் திரும்பினார். மேலாளர் தூரத்தில்தான் இருக்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"காலி குடோனைப் பத்தி அவர் அவ்வளவு சந்தோஷமா சொன்னார். அவர் முன்னாடி உங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரல."

"என்னையா? நான் என்ன செஞ்சேன்?"

கேட்டு முடிப்பதற்குள் ஊதா நினைவுக்கு வந்துவிட்டது. அவசரம் அவசரமென்று விரட்டிச் செய்யச் சொன்ன மூடிகள். பிறகு விற்பனைக்கு வராமல் தள்ளிப்போடப்பட்ட ஷாம்பு. ஒரே மூச்சில் பத்துப் பேரிடம் பேசிய போன்கள். அவள் காதுமடல் சுட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல அவமானமாக இருந்தது. பெண்கள் பக்கம் திரும்பவே முடியவில்லை.

மூடிக்காரர் குற்றம் சாட்டவில்லை. மறந்ததை ஞாபகப்படுத்துகிற குரலில்தான் மெதுவாகச் சொன்னார்.

"நீங்கதானே மேடம் போன்ல சொன்னீங்க? 'எங்க குடோனுக்கு அனுப்பிடாதீங்க அண்ணா, அங்கேயே ஏதாவது ஒரு ரூம்ல அடுக்கி வைங்க, யார் வந்து பார்க்கப் போறாங்க'ன்னு."