தேய்மானம்

“நீ போட்டது டூப்ளிகேட் பிரேக் பேடு. என்னை ஏமாத்திட்ட,” என்றார் தையல்கடைக்காரர். குரலில் கோபமே இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போல இருந்தது.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. ஷெட்டில் டாக்சிக்காரர்கள் இருவர் காத்திருந்தார்கள். இந்தப் பேச்சு ஸ்டாண்டு வரை போனால் நாளைக்கு ஒரு டாக்சியும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

“அண்ணே, வார்த்தைய விட்டுறாதீங்க. ஒரிஜினல்தான் போட்டேன்.”

“முந்தின பிரேக் பேடு அஞ்சு வருஷம் வந்துச்சு. இது ஆறு மாசம்கூட வரல. அதே காரு, அதே ரோடு, ஓட்டுறதும் அதே நான்.”

“எனக்கும் அந்த ஒரிஜினலைத்தான் மாட்டப்போறியாப்பா?” என்று ஒரு டாக்சிக்காரர் கேட்க, மற்றவர் சிரித்தார்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினான். பேடு அப்பளமாகத் தேய்ந்திருந்தது.

“கீச்சுன்னு சத்தம் வந்திருக்குமே. அப்பவே கொண்டுவர வேண்டியதுதானே?”

“வந்துச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல.”

“ஓட்டுறது நீங்க. வேற யாரு வந்து சொல்லுவாங்க?” என்று முணுமுணுத்துக்கொண்டே புதுப் பேடை மாட்டினான். பிறகு டாக்சிக்காரர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்: “ஒரு சுத்து போயிட்டு வருவோம். நீங்களே ஓட்டுங்க. தப்பு பேடு மேலயா, கால் மேலயான்னு தெரிஞ்சுடும். பேடு மேலன்னா நான் கடையை மூடிடறேன்.”

அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். காலடி ரப்பர் விரிப்பில் ஒரே இடம் மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டுகிறவர் பக்கத்து விரிப்பை இங்கே மாற்றிப் போட்டு மிச்சம் பிடிக்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

தெருமுனையில் ஒரு பஸ் நின்றிருந்தது. தையல்கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டேதான் போனார். கால் மட்டும் அசையவில்லை.

“அண்ணே, பஸ்ஸு. அண்ணே...”

மெக்கானிக்கின் கால் தன்னையறியாமல் தரையை ஓங்கி மிதித்தது. பஸ்ஸை முட்டப்போகும் நேரத்தில் பிரேக் விழுந்து வண்டி குலுங்கி நின்றது.

போன உயிர் திரும்பியதும் அவனுக்கு ஜெயித்த தெம்பு வந்தது. “இப்படிக் கடைசியில போய் மிதிச்சா எந்தப் பேடுண்ணே தாங்கும்?”

அவர் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அளவெடுத்துத் தைத்தது போல அது அந்த ஓட்டைக்குள் உட்கார்ந்திருந்தது.

“அவளும் அங்கதான் மிதிப்பா. ‘பாத்து, பாத்து’ன்னு வழி பூரா சொல்லிட்டே வருவா. உன் பக்கம் பிரேக்கே இல்லடின்னு நான் கத்துவேன்.”

“அண்ணி இப்ப எங்கண்ணே?”

“நீ பேடு மாத்தின மறுவாரம் போய்ச் சேந்துட்டா.”

மெக்கானிக் மெதுவாகக் காலை எடுத்துக்கொண்டான். பஸ் கிளம்பிப் போய்விட்டது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். தையல்கடைக்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“பேடு ஒரிஜினல்தான். டாக்சிக்காரங்ககிட்ட நானே சொல்லிடறேன்,” என்றார், அதே குரலில். “முன்னாடி இந்த வண்டியில ரெண்டு பிரேக் இருந்துச்சு.”