பதினான்கு நாள் படுக்கை

மருத்துவமனையில் சோதனைக்குழாய்க் கருவைக் கருப்பையில் வைத்த மறுநாளிலிருந்து, காலை பதினொரு மணிக்கெல்லாம் மாமியார் ஊரிலிருந்து வீடியோவில் வந்துவிடுவார். மருமகள் தலையணையில் சாய்ந்திருப்பதைப் பார்த்தால்தான் அவருக்குப் பேச்சே வரும்.

"கட்டிலை விட்டு இறங்கலையே?"

"இல்ல அத்தை."

"அந்த டாக்டரம்மா நடக்கலாம், வேலை செய்யலாம்னு ஆயிரம் சொல்வா. போன ரெண்டு தடவையும் ஏன் தங்கல? நீ பாத்ரூமுக்கு எழுந்து எழுந்து போனதாலதான்."

அந்த இரண்டு தடவையும் மரக்கட்டை மாதிரி கிடந்தவள் அவள். அப்படியும் பழி அவள் தலையில்தான் விழுந்தது. இந்தத் தடவை அவளே ஒரு முடிவெடுத்திருந்தாள்.

"நேத்து நீல விரிப்பு, இன்னிக்குச் சிவப்பா?"

"ஒரே விரிப்புல படுத்தா அலுக்குது அத்தை."

பதினைந்தாம் நாள் அவளே முந்திக்கொண்டாள்.

"ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருச்சு அத்தை. தங்கியிருக்கு. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கணுமாம்."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பார்த்தியா? என் பேச்சைக் கேட்டு அசையாம கிடந்த, தங்கிடுச்சு. இன்னும் மூணு மாசம் இப்படியே இரு."

"இப்படியேதான் இருக்கப்போறேன் அத்தை."

போனை வைத்துவிட்டு எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். விலை அட்டையைத் தலையணைமேல் பழையபடி நிறுத்திவிட்டு, கடைக்குள் நுழைந்த தம்பதியிடம் போனாள்.

"தைரியமா வாங்கலாம் சார். இங்க இருக்கிற பதினாலு மெத்தையிலயும் நானே படுத்துப் பார்த்திருக்கேன்."