ஒன்று புள்ளி ஆறு

"யக்கா, மகிமாவுக்கு எத்தனை வந்துச்சு?"

மாடிப்படியில் மறித்துக் கேட்டாள் எதிர்வீட்டு ராமசெல்வி.

"ஒண்ணு புள்ளி ஆறாம்" என்றாள் ரோஸ்மேரி. கையில் மீன் கூடை கனத்தது.

"எங்க ஷாலுவுக்கு ரெண்டு புள்ளி ஒம்பது." தன் வீட்டு வாசல் பக்கம் திரும்பி நின்று, சத்தமாகச் சொன்னாள். "கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு."

ரோஸ்மேரியின் மகள் மகிமாவும் ராமசெல்வியின் மகள் ஷாலுவும் ஒரே கல்லூரியில் இன்ஜினியரிங் முடித்தவர்கள். இரண்டு பேருக்கும் ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்க ஆசை. அந்த ஊர்க் கணக்குப்படி தங்கள் மார்க் எவ்வளவு என்று அன்றுதான் மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஷாலுவின் அப்பா இசக்கிப்பாண்டிக்கு வண்ணாரப்பேட்டையில் வெல்ல மண்டி. மகளுக்குச் சிவகாசியில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். "மகிமாவை மார்க்குல மிஞ்சிக் காட்டட்டும், பேங்க் லோனுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்புதேன். இல்லேன்னா தையில கல்யாணம்" என்று சொல்லிவிட்டார். மிஞ்ச மாட்டாள் என்கிற தைரியம்தான்.

"மிஞ்சிட்டாள்ல" என்றாள் ராமசெல்வி. "நீங்களுந்தான் தினம் முழங்கால் போடுதீங்க. உங்க மாதா என்னத்தக் குடுத்தாங்க?"

ரோஸ்மேரிக்குச் சுருக்கென்றது. நேரே வீட்டுக்குள் போய் மகளிடம் கேட்டாள்.

"ஏன்டி, காலேஜ்ல நீதான முதல் ஆளு? அந்தப் புள்ள மூணு பேப்பர் அரியர் வச்சுல்ல எழுதுச்சு. அவளுக்கு எப்படிக் கூட வந்துச்சு?"

"அவ்வளவுதாம்மா வந்துச்சு" என்றாள் மகிமா. மீன் கூடையை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அடுத்த மூன்று நாளும் ராமசெல்விக்கு அதே பேச்சு. கோலம் போடும்போதும் ரெண்டு புள்ளி ஒம்பது. காய்கறி வண்டிக்காரரிடமும் ரெண்டு புள்ளி ஒம்பது. ஜெபமாலை உருட்டும்போதுகூட அந்தச் சத்தம் ரோஸ்மேரியின் காதில் கேட்டது.

நாலாம் நாள் மகிமாவின் சர்டிபிகேட்டுகளை நகல் எடுக்க, ரோஸ்மேரி தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்கார ஹுமாயூன் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, மூஞ்சி பேஜாரா கீது?"

"பொண்ணுக்கு ஜெர்மனி கணக்குல ஒண்ணு புள்ளி ஆறுதான் வந்துச்சு தம்பி. கொறஞ்சு போச்சு."

"இதுவா கொறச்சலு? ஒண்ணு புள்ளி ஆறுக்கா. படா மார்க்கு. அந்த ஊர்ல ஒண்ணுதான் டாப்பு. கொறய கொறயத்தான் கெத்து. நாலைத் தாண்டிக்கினா ஃபெயிலு. என் தங்கச்சி பையன் முபாஷிரு அங்கதான படிச்சுகினு கீறான்."

மிச்சச் சில்லறை வாங்க மறந்து ரோஸ்மேரி வீட்டுக்கு வந்தாள்.

"ஏன்டி சொல்லல? நாலு நாளா அவ என்னை என்ன பாடு படுத்தினா."

மகிமா கதவைச் சாத்தினாள். "மெதுவாம்மா. உண்மை தெரிஞ்சா ஷாலு அப்பா கையெழுத்துப் போட மாட்டாரு. ஷாலு கெஞ்சிக் கேட்டா."

"பொய் இல்லையா இது?"

"நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா. சும்மாதான இருந்தேன்."

"சரி, ரெண்டு புள்ளி ஒம்பதுக்கு அங்க இடம் குடுப்பாங்களா?"

"பெரிய யுனிவர்சிட்டியில கஷ்டம். ஆனா பட்டறை வேலையோட சேர்த்துச் சொல்லித் தர்ற வேற வகை காலேஜ் அங்க இருக்கும்மா. அதுவும் கவர்மென்ட்டுதான், டிகிரியும் அதே டிகிரி. அதுல சில இடத்துல சேர்த்துப்பாங்க."

"ராமசெல்விக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரிஞ்சா அந்த வாயில நிக்குமா?"

ரோஸ்மேரி சிரித்துவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் இசக்கிப்பாண்டியே வந்து கதவைத் தட்டினார். கையில் கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர். பின்னால் ராமசெல்வி.

"யக்கா, இவ சொல்லுததை நான் நம்ப மாட்டேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எம்மவ மகிமாவை மிஞ்சிட்டாளா?"

ராமசெல்வி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

ரோஸ்மேரி சுவரில் இருந்த மாதா படத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"அண்ணாச்சி, மகிமாவுக்கு ஒண்ணு புள்ளி ஆறு. ஷாலுவுக்கு ரெண்டு புள்ளி ஒம்பது. தராசு பிடிக்கிறவங்க நீங்க. எது கூடன்னு நானா சொல்லணும்?"

இசக்கிப்பாண்டி இரண்டு எண்ணையும் ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அப்புறம் மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்தது.

"கழுத, மிஞ்சிட்டாளே. சரி, சொன்ன சொல்லு சொன்னதுதான்."

பேப்பரைச் சுவரில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். மனைவி கையில் கொடுத்துவிட்டு, மண்டிக்கு நேரமாச்சு என்று இறங்கிப் போனார்.

ராமசெல்வி போகவில்லை. அவருடைய செருப்புச் சத்தம் கீழ்ப்படி வரைக்கும் போய் ஓய்வதற்காகக் காத்திருந்தாள். பிறகு ரோஸ்மேரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்கக்கா. ஒண்ணுதான் ஒசத்தின்னு மொத நாளே ஷாலு சொல்லிட்டா. உள்ள உக்காந்திருக்க இந்த மனுசன் காதுல விழட்டும்னுதான் வாசலைப் பாத்து அப்படிக் கத்துனேன். உங்களை நோகடிச்சதுக்கு, நேத்தே உங்க மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டேன். முழங்கால் போட்டுத்தான் கேட்டேன்."